குதித்தால் தெரியும் முகம்

வங்கிக்காரனுக்கு பாஸ்போர்ட் சைஸ் போட்டோவோடு தினமும் குடித்தனம். விண்ணப்பத்தில் ஒட்டியிருக்கும் படத்தையும் எதிரே உட்கார்ந்திருக்கும் ஆளையும் மாறி மாறிப் பார்ப்பேன். பல நேரம் ஒட்டவே ஒட்டாது. படத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு விறைப்பாக இருப்பவர், நேரில் கலகலவென்று பேசிக்கொண்டிருப்பார். இதில் எது நிஜ முகம்?

இந்தக் கேள்வியோடு காலமெல்லாம் மல்லுக்கட்டியவர் பிலிப் ஹால்ஸ்மன் என்ற புகைப்படக்காரர். இன்றைய லாட்வியாவின் ரீகா நகரில் 1906-ல் பிறந்த யூதர். 1928-ல் ஆஸ்திரிய மலைகளில் அப்பாவோடு நடைப்பயணம் போனபோது அப்பா இறந்துபோனார். கொலைப்பழி 22 வயது மகன் மேல் விழுந்தது. நேரில் பார்த்த சாட்சி கிடையாது. ஆனாலும் யூத வெறுப்பு மண்டிக்கிடந்த அந்த ஊரில் நீதிமன்றம் குற்றவாளி என்று சொல்லிவிட்டது. ஐன்ஸ்டீன் உட்படப் பலர் குரல் கொடுத்த பிறகு 1930-ல் விடுதலை. கையோடு நாட்டைவிட்டு வெளியேற்றமும்.

பாரிஸ் போய் கேமராவை நம்பிப் பிழைத்தார். 1940-ல் ஹிட்லரின் படை பிரான்ஸுக்குள் நுழைந்தபோது அமெரிக்க விசா கிடைக்க உதவியதும் ஐன்ஸ்டீன்தான். போன இடத்தில் மனிதர் ஜெயித்தார். 'லைஃப்' பத்திரிகையின் 101 அட்டைகளில் அவர் எடுத்த படங்கள் வந்தன.

1950-களில் அவருக்கு ஒரு பழக்கம். படம் எடுத்து முடித்ததும், "ஒரு தடவை குதியுங்களேன்" என்று கேட்பார். குதிக்கும்போது கவனமெல்லாம் குதிப்பதிலேயே போய்விடும், போட்டிருக்கும் வேஷம் கழன்று விழும் என்பது அவர் கட்சி. அப்போது துணை ஜனாதிபதியாக இருந்த நிக்சன் குதித்தார். பிரிட்டிஷ் அரியணையைத் துறந்த வின்ட்ஸர் கோமகனும் அவர் மனைவியும் ஷூவைக் கழற்றிவிட்டுக் குதித்தார்கள். இந்தப் படங்களெல்லாம் 1959-ல் 'ஜம்ப் புக்' என்ற புத்தகமாக வந்தன.

எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. 1948-ல் ஓவியர் டாலி அந்தரத்தில் குதிக்க, பூனைகளும் தண்ணீரும் பறக்கிற படத்தை எடுத்தவரும் இவர்தான். அதற்கு 28 முறை முயற்சி! 28-வது குதிப்பில் எங்கிருந்து வரும் நிஜம்? :-)

எனக்குப் பிடித்தது அவர் 1947-ல் எடுத்த ஐன்ஸ்டீன் படம். அதில் குதிப்பும் இல்லை, சிரிப்பும் இல்லை. அணுகுண்டு பற்றி வருத்தத்தோடு பேசிக்கொண்டிருந்தபோது எடுத்தது என்று ஹால்ஸ்மன் சொல்லியிருக்கிறார். 1966-ல் அமெரிக்கத் தபால்தலையிலும் அந்தப் படம்தான் வந்தது. தன்னைக் காப்பாற்றியவர் எதிரே உட்கார்ந்து மனம் திறந்தபோது கிடைத்த முகம் அது. குதிப்பதோ பேசுவதோ, ஆள் கேமராவை மறக்க வேண்டும். அவ்வளவுதான் விஷயம்.

அப்பா தவறியபோது மாலை போட எங்களுக்குக் கிடைத்தது பாஸ்புக்குக்கு எடுத்த படம் ஒன்றுதான். அதைத்தான் பெரிதாக்கி மாட்டினோம். அடுத்த வருஷம் ஊரில் பழைய ஆல்பத்தில் இன்னொன்று அகப்பட்டது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாய்க்காலைத் தாண்டுகிறார். கொஞ்சம் ஆடிப்போன படம், முகம்கூடத் தெளிவில்லை. ஆனால் பார்த்தவுடன் அம்மா, "இதான்டா உங்கப்பா" என்றாள்.

ஊருக்குப் போனால் பெரியவர்களை நிற்க வைத்து மட்டும் படம் எடுக்காதீர்கள். நடக்கும்போதும், யாரையாவது திட்டும்போதும் நாலு எடுத்து வையுங்கள்.