பச்சை குத்துதல்

ஊசியால் தோலைக் குத்தி, கரிமையை உள்ளே இறக்கி, அழியாத கோலமிடும் கலை. இலங்கையில் இதை மலையகப் பாட்டிமாரின் முன்கைகளில் அதிகம் பார்க்கலாம். முதலில் கோப்பித் தோட்டங்களுக்கும், 1867இல் தொடங்கிய தேயிலைச் செய்கைக்கும் தமிழகத்திலிருந்து ஆட்கள் வந்தபோது கூடவே வந்த வழக்கம்.

தமிழகத்தில் பச்சை குத்தியவர்கள் பெரும்பாலும் குறத்திகள். எட்கார் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகள் பற்றிய நூலில் அவர்களது செய்முறை பதிவாகியுள்ளது. மஞ்சள்பொடியையும் அகத்தியிலையையும் சேர்த்தரைத்து, மெல்லிய துணியில் தடவித் திரியாகச் சுருட்டுவார்கள். ஆமணக்கெண்ணெய் விளக்கில் அத்திரியை ஏற்றி, மேலே புதுச்சட்டியைக் கவிழ்த்தால் உட்புறம் கரி படியும். அதைச் சுரண்டித் தாய்ப்பாலிலோ தண்ணீரிலோ குழைத்தால் மை. பிறகு சேர்த்துக் கட்டிய ஊசிகளால், வரைந்த கோட்டின்மேல் குத்திக்கொண்டே போவார்கள். புள்ளிக்குக் கால் அணா, பெரிய கோலத்துக்குப் பன்னிரண்டு அணா. மை கறுப்புத்தான், தோலுக்கடியில் போனபின் நீலம் கலந்த பச்சையாகத் தெரியும். தேள், கோலம், உறவினர் பெயர் என்று குத்திக்கொண்டார்கள். செத்தால் நகை கூட வராது, பச்சை வரும் என்பது பெண்களின் நம்பிக்கை.

பசிபிக்கின் சமோவாத் தீவுகளிலும் மை விளக்குக்கரிதான்; எண்ணெய்ச்சத்துள்ள ஒரு கொட்டையை எரித்து எடுப்பார்கள். ஆனால் அங்கே ஆணுக்கு இடுப்பிலிருந்து முழங்கால்வரை, எலும்புச் சீப்பைச் சுத்தியலால் தட்டித் தட்டி, பரம்பரை ஆசான்கள் குத்துவார்கள். அது சமூகத் தகுதி. நம்மிடம் அது வாசலில் உட்கார்ந்து பேரம்பேசி முடிக்கும் காரியம். தஹீத்தியில் மிஷனரிமாரின் செல்வாக்கால் பச்சைக்குத் தடை வந்தது. இங்கே யாரும் தடுக்கவில்லை; படித்த பிள்ளைகளின் கூச்சமே போதுமாக இருந்தது.

அரசியலும் இதைக் கையிலெடுத்தது. 1970களில் எம்.ஜி.ஆர். தம் கட்சியினரைக் கொடியைப் பச்சை குத்திக்கொள்ளச் சொன்னார். கட்சிக்குள்ளேயே முணுமுணுப்பு எழுந்தது. கட்சி மாறுவோருக்கு அழியாத மை அசௌகரியம் அல்லவா?

இன்று கொழும்பில் இளைஞர் தேடுவது டாட்டூ கடையை. அங்கே ஓடுவது 1891இல் நியூயோர்க்கில் சாமுவேல் ஓ'ரைலி காப்புரிமை பெற்ற மின்கருவியின் வழிவந்த இயந்திரம். ஊசி மாற்றாவிட்டால் ஈரலழற்சி தொற்றும் என்பதால், ஒருமுறைப் பாவனை ஊசியையே கேட்க வேண்டும்.

உருவத் தெரிவிலும் இந்நாட்டில் கவனம் தேவை. 2014 ஏப்ரலில், மேற்கையில் தாமரைமேல் அமர்ந்த புத்தரைக் குத்தியிருந்த பிரித்தானியப் பெண்ணொருவர் கட்டுநாயக்காவில் கைதாகி நாடு கடத்தப்பட்டார். அவரது அடிப்படை உரிமைகள் மீறப்பட்டன என்று 2017 நவம்பரில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நட்டஈடும் வழக்குச் செலவுமாக 8 லட்சம் ரூபாய் வழங்கும்படி உத்தரவிட்டது.