மத்தள–கட்டுநாயக்க வான்தொலைவு
ஊவாவின் தேயிலைத் தோட்டங்களுக்குத் தெற்கே, அம்பாந்தோட்டை மாவட்டத்தில் 2013 மார்ச்சில் திறக்கப்பட்ட மத்தள விமான நிலையத்துக்கும் கட்டுநாயக்க பண்டாரநாயக்க விமான நிலையத்துக்கும் இடையிலான பெருவட்டத் தூரம், அதாவது புவிக்கோளத்தின் மேற்பரப்பில் இரு இடங்களை இணைக்கும் மிகக் குறுகிய வளைகோட்டின் நீளம், ஏறத்தாழ 170 கிலோமீற்றர் ஆகும். மணிக்கு 800 கிலோமீற்றர் வேகத்தில் இதைக் கடக்கப் பதின்மூன்று நிமிடங்கள் போதும் என்பது வெறும் வகுத்தல் கணக்கே. ஓடுபாதைக்கு நகர்வதும், மேலேறுவதும், இறங்குவதற்கு முறை காத்திருப்பதும் சேர்வதால், தரிப்பிடம் விட்டுத் தரிப்பிடம் சேரும் நேரம் அதனினும் பன்மடங்காகும்.

அந்த ஊவாத் தோட்டப் பகுதியிலுள்ள பெரகல சந்தியிலிருந்து மத்தள நேர்கோட்டில் 60 கிலோமீற்றருக்கும் குறைவே எனினும், கொஸ்லந்த, வெல்லவாய வழியாக வளைந்திறங்கும் மலைப்பாதையில் செல்லும் தோட்டத்துப் பயணிக்கு, வான்பயணத்தைவிட விமான நிலையத்தை அடைவதே நேரத்தில் நீண்ட பயணமாகிறது.