நாடகசாலையில் கூடிய சபை

திருவிடைமருதூர் மகாலிங்கசுவாமி கோயிலுக்கு நம் குழுவினர் சென்றிருந்தபோது, உடன் வந்த பொறியாளர் நண்பர் திருச்சுற்றில் அமர்ந்து தம் மடிக்கணினியைத் திறந்தார். ஒரு கூரை தாங்க வேண்டிய எடை, உள்ளே வர வேண்டிய வெளிச்சம், ஆகக்கூடிய செலவு ஆகிய மூன்றை மட்டுமே அவர் கொடுத்திருந்தார். தானே வடிவங்களைப் பிறப்பிக்கும் செயற்கை நுண்ணறிவு நூற்றுக்கணக்கான கூரைகளை வரைந்து தந்திருந்தது. வேறொரு நிரல் அவற்றைச் சோதித்து வரிசைப்படுத்தியிருந்தது. எப்படிக் கட்டுவது என்று கூறாமல், கட்டியது என்ன செய்ய வேண்டும் என்று மட்டும் கூறும் இம்முறையைச் 'செயல்திறன் சார்ந்த வடிவமைப்பு' என்கிறார்கள். வானூர்தி உறுப்பு, பாலம், நாற்காலி எனத் துறை வேறுபாடின்றி இது பரவி வருகிறது. "இப்படி ஒன்று இதற்கு முன் நடந்ததேயில்லை" என்றார் நண்பர். அமர்ந்திருந்த இடம் அப்படி. மறுத்துப் பேசாமல் இருக்க முடியவில்லை.

இக்கோயிலின் கல்வெட்டுகளுள் ஒன்று பத்தாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. பாண்டியன் தலைகொண்ட பரகேசரியின் காலத்தது. அவனை இரண்டாம் ஆதித்த கரிகாலன் என்று ஆய்வாளர் கொள்வர். திரைமூர்ச் சபையாரும் திருவிடைமருதூர் நகரத்தாரும் தேவகன்மிகளும் இங்கிருந்த நாடகசாலையில் கூடுகிறார்கள். தைப்பூசத்தையும் வைகாசித் திருவாதிரையையும் ஒட்டி ஆரியக்கூத்தின் ஏழு அங்கங்களை ஆடக் கீர்த்தி மறைக்காடன் என்னும் கூத்தருக்கு நிலம் அளிக்கிறார்கள். அவர் எப்படி ஆட வேண்டும் என்று கற்றுக்கொடுக்கச் சபை முனையவில்லை. எந்நாளில், எத்தனை அங்கம், அதற்கு எவ்வளவு நிலம், தீர்மானம் அவ்வளவுதான். கலை கூத்தருடையது, எதிர்பார்ப்பு ஊருடையது.

உலக வரலாற்றிலும் இச்சிந்தனை பழையதே. பாபிலோனிய மன்னன் அமுராபியின் சட்டம் சுவரின் கனத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. கட்டிய வீடு இடிந்து உரிமையாளன் இறந்தால் கட்டியவனுக்கு மரணம் என்று மட்டுமே சொன்னது. விளைவை வரையறுத்துவிட்டு, பொறுப்பையும் அதனோடு கட்டிவிட்டார்கள்.

சரி, எதிர்பார்ப்பு பழையது. விதிகளைக் கொண்டு வடிவங்களைப் பிறப்பிப்பது புதியதல்லவா? அதற்கு விடை காண அடுத்த ஊரான திருபுவனம் வரை சென்றால் போதும். மூன்றாம் குலோத்துங்கர் எழுப்பிய கம்பகரேசுவரர் விமானத்தை அண்ணாந்து பாருங்கள். கர்ணகூடு, சாலை, பஞ்சரம் என்னும் சில உறுப்புகளே தளந்தோறும் அளவு குறைந்து, வரிசை மாறித் திரும்பத் திரும்ப வருகின்றன. சொற்கள் சில, இலக்கணம் ஒன்று, வாக்கியங்களோ எண்ணிறந்தவை. தமிழகத்தின் விமானங்கள் ஒன்றுபோல ஒன்று இல்லாமலும், ஒரே குடும்பமாகத் தோன்றுவதும் இதனால்தான்.

அவ்வாறு பிறந்த அளவுகளைச் சலித்தெடுக்கவும் சிற்பநூலார் ஒரு வழி வைத்திருந்தனர். ஆயாதிக் கணக்கு என்பது அதன் பெயர். அதில் யோனி என்றொரு பொருத்தம் உண்டு. சுற்றளவை மூன்றால் பெருக்கி எட்டால் வகுக்க வேண்டும். மீதி ஒற்றைப்படையானால் கொள்ளலாம். இரட்டைப்படையானாலும் மீதியின்றிப் போனாலும் தள்ள வேண்டும். 26 முழத்துக்கு மீதி 6. அது கழுதை யோனி, ஆகாது. 27 முழத்துக்கு மீதி 1. அது கொடி யோனி, ஆகும். பிறப்பி, சோதி, தேர்ந்தெடு என்னும் இன்றைய நிரலின் மூன்று படிகளும் இதில் இருக்கின்றன. ஆனால் ஒன்றை மறைக்கலாகாது. இக்கணக்கில் தேறிய சுவர் எடையைத் தாங்கும் என்பதற்கு இது உறுதியாகாது. அந்த உறுதி தலைமுறை தலைமுறையாய்க் கல்லோடு பழகிய கையிலிருந்து வந்தது. எளிதில் கணக்கிட முடிவது எதுவோ அதுவே தரத்தின் அளவுகோலாகிவிடும் ஆபத்து அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது.

கணினிக்கும் இந்த மரபுக்கும் நேரடி உறவே உண்டு. தாம்பரம் சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் பணியாற்றிய கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி ஆகியோரும் கமலா கிருத்திவாசனும் 1974இல் கோலங்களைப் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டனர். சொற்றொடர்களைப் பிறப்பிக்கச் சோம்ஸ்கி வகுத்த இலக்கண முறையை ஈரளவைப் படங்களுக்கு விரித்து, வாசற்கோலங்கள் சில விதிகளிலிருந்து பிறப்பதைக் காட்டினர். மாமல்லபுரத்துச் சிற்பங்களின் ஆடை அணிகளை ஆராய்ந்தவரும் இதே கிஃப்ட் சிரோமணிதான் என்பது வரலாற்று ஆர்வலர்க்கு மகிழ்ச்சி தரும் செய்தி. புள்ளி எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டே போனால் விதி முடிவின்றிக் கோலங்களைத் தரும். இன்று என் வாசலுக்கு எது, கையிலுள்ள மாவு எவ்வளவுக்கு வரும் என்று முடிவு செய்பவர் குனிந்து கோலமிடும் பெண்தான்.

முடிவு பிழைத்தால் என்ன ஆகும்? கோலமானால் அழித்துப் போடலாம். ஆறு அப்படி விடாது. ஊருக்கு வடக்கே ஓடும் காவிரியின் கதையைக் கேளுங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொள்ளிடம் நீரை இழுத்துக்கொள்ள, காவிரி மணல் மேடிட்டு வந்தது. ஆர்தர் காட்டன் 1836இல் முக்கொம்பில் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணையைக் கட்டினார். ஆழம் காணாத மணலில் அடித்தளமிடும் வித்தையைக் கல்லணையிலிருந்தே கற்றதாக அவர் ஒப்புக்கொண்டவர். காவிரிக்கு நீர் வரவேண்டும் என்பது எதிர்பார்ப்பு. வந்தது, வேண்டியதற்கு மேலேயே வந்தது. ஆற்றுப்படுகை அரித்துக் கரைகளுக்கு ஆபத்து நேர்ந்தது. 1840களில் அணையின் நடுப்பகுதியைத் தாழ்த்தியும், காவிரித் தலைப்பில் குறுக்குச் சுவர் எழுப்பியும் சரிசெய்தார்கள். 2018 ஆகஸ்ட் 22 இரவு அதே மேலணையின் ஒன்பது மதகுகள் வெள்ளத்தில் இடிந்து போனதை நாமே செய்தியில் கண்டோம். எழுதிக்கொடுத்த எதிர்பார்ப்பை நிறைவேற்றிய பின்னும், எழுதாமல் விட்டதை ஆறு கேட்டுக்கொண்டேயிருக்கிறது.

நண்பரின் திரையிலிருந்த நூற்றுக்கணக்கான கூரைகளுக்குத் திரும்புவோம். அவற்றின் எண்ணிக்கை இப்போது எனக்கு வியப்பளிக்கவில்லை. எடை, வெளிச்சம், செலவு என்ற அந்த மூன்று வரிகளை எழுதியவர் யார் என்பதே என் கேள்வி. அக்கூரையின் கீழ் உட்காரப் போகிறவர்கள் அப்போது உடனிருந்தார்களா? கோடை வெப்பத்தையும் ஐப்பசி அடைமழையையும் யாராவது நினைவூட்டினார்களா? பிழை நேர்ந்தால் பொறுப்பேற்பவர் யார்? இயந்திரம் இவற்றைக் கேட்காது. அதனிடம் கொடுத்ததற்கு மட்டுமே அது விடை சொல்லும்.

ஆயிரமாண்டுகளுக்கு முன் இவ்வூரில் கூத்தைக் காணப்போகிறவர்களே, அது ஆடப்படும் சாலையிலேயே அமர்ந்து, தங்கள் எதிர்பார்ப்பைத் தாங்களே எழுதினார்கள். அதற்கான நிலத்தையும் தாங்களே கொடுத்தார்கள். மறுக்க முடியாதபடி கல்லிலும் வெட்டிவைத்தார்கள்.

இதைச் சொன்னதும் நண்பர் மடிக்கணினியை மூடினார். "அந்தக் கல்வெட்டு எங்கே இருக்கிறது, காட்டுங்கள்" என்று எழுந்தார்.