திரையை அளந்தவர்கள்

முதுமையைக் குறிக்கத் தமிழில் நரை, திரை, மூப்பு என்று வரிசையாக மூன்று சொற்கள் உண்டு. நரையைக் காணக் கண் போதும். மூப்புக்கு ஆண்டுக்கணக்கு இருக்கிறது. இடையிலுள்ள திரைதான் அளவுக்குள் எளிதில் அகப்படாதது. கடலின் அலைக்கும் தோலின் சுருக்கத்துக்கும் நம் மொழி ஒரே சொல்லைத் தந்திருப்பது பொருத்தம்தான். சிறுவயதில் பாட்டியின் புறங்கைத் தோலை இரு விரல்களால் கிள்ளித் தூக்கிவிட்டு, எழுந்து நிற்கும் அந்த மேடு அடங்குவதற்குள் எவ்வளவு எண்ண முடிகிறது என்று பார்த்திருக்கிறேன். பாட்டியும் பொறுமையாகக் கையை நீட்டிக்கொண்டிருப்பார். அந்த விளையாட்டையே பெரும் ஆய்வாக நடத்தியவர்கள் இருந்தார்கள் என்பது பின்னாளில்தான் தெரிந்தது.

வரலாறு பாரிஸில், உயிரை மாய்த்துக்கொள்ள முயன்ற ஒருவரின் மார்புக் காயங்களிலிருந்து தொடங்குகிறது. அறுவை மருத்துவர் கியோம் துபுய்த்ரானுக்கு அவை தட்டையான கத்தியால் விழுந்த கீறல்களாகத் தோன்றின. ஆனால் பயன்பட்டதோ உருண்டை முனை கொண்ட குத்தூசி. வட்டமான ஊசி எப்படி நீளமான பிளவை உண்டாக்கும்? துபுய்த்ரான் சடலங்களில் குத்திப் பார்த்தார். அங்கும் பிளவுகளே விழுந்தன. 1834இல் வெளிவந்த, போர்க்காயங்கள் குறித்த நூலில் இதைப் பதிவுசெய்ததோடு அவர் நின்றுவிட்டார்.

அந்த வியப்பை ஆய்வாக வளர்த்தவர் கார்ல் லாங்கர். வியன்னாவில் இராணுவ மருத்துவர்களைப் பயிற்றுவித்த யோசப்பினம் கழகத்தில் உடற்கூறியல் பேராசிரியர். சடலங்களின் உடல் முழுவதும் சிறு இடைவெளிகளில் குத்தூசியால் துளையிட்டு, பிளவுகள் நீளும் திசைகளை இணைத்து அவர் வரைந்த கோடுகள் 1861இல் வெளியாயின. இன்றும் மருத்துவ மாணவர்கள் படிக்கும் லாங்கர் கோடுகள் இவையே. கோடுகளின் புகழில் அவருடைய அடுத்த கட்டுரைகள் மறைந்துபோனது ஒரு குறை என்றே சொல்வேன். தோலின் இழுவிசை பற்றியும் மீள்தன்மை பற்றியும் அவர் தனித்தனியே எழுதினார். தோலில் ஒரு வட்டத்தை வெட்டியெடுத்தால் எடுத்த துண்டு சுருங்குகிறது; விட்ட துளை விரிந்து நீள்வட்டமாகிறது. நாம் அசையாமல் கிடக்கும்போதும் நம் தோல் சட்டத்தில் கட்டிய துணியைப் போல இழுபட்டே இருக்கிறது என்பதை இதைவிட எளிமையாகக் காட்ட இயலாது. முதுமையில் தளர்வது இந்த இழுப்பு.

லாங்கர் கேட்டது இறந்தவர்களின் தோலிடம். பிணவிறைப்பும் தசைகளின் ஓய்வும் அதன் விடையை மாற்றியிருக்கக்கூடும். முகத்தில் அவர் கோடுகளும் உயிருள்ளவரின் சுருக்கங்களும் பல இடங்களில் ஒத்துப்போவதில்லை. எதைப் பின்பற்றிக் கத்தி வைத்தால் தழும்பு மெல்லியதாக அமையும் என்பது அறுவை மருத்துவர்களின் நெடுநாள் விவாதம். அவர்களுள் ஒருவர் கிளாஸ்கோ நகரின் தாமஸ் கிப்சன். போர்க்காலத்தில் பீட்டர் மெடவாருடன் சேர்ந்து தீக்காயத்துக்கு வைத்த பிறர் தோலை உடல் ஏன் தள்ளுகிறது என்று ஆராய்ந்தவர். 1960களில் ஸ்ட்ராத்கிளைட் பல்கலைக்கழகப் பொறியாளர் கெனெடியுடன் இணைந்து தோலை இழுத்து அளந்தார். தொடக்கத்தில் சிறு விசைக்கே தோல் தாராளமாக நீள்கிறது. சுருண்டு கிடக்கும் கொலாஜன் இழைகள் நிமிர்ந்ததும் சட்டென்று விறைத்துவிடுகிறது. விட்டதும் பழைய இடத்துக்குத் திருப்பிக் கொண்டுவரும் வேலையில் எலாஸ்டின் இழைகளுக்குப் பெரும் பங்கு. 1978இல் லாங்கரின் கட்டுரைகளை ஆங்கிலத்தில் கொண்டுவந்தவரும் இதே கிப்சன்தான். எல்லோரும் மேற்கோள் காட்டும் ஒருவரை 117 ஆண்டுகள் கழித்து மொழிபெயர்க்கும் அந்தப் பண்பு எனக்குப் பிடித்திருக்கிறது.

உயிருள்ளவரின் தோலை வெட்டாமல் அளக்க வேண்டுமே. 1969இல் கிரகாமும் ஹோல்ட்டும் முன்கையில் ஒரு கிண்ணத்தை வைத்து உறிஞ்சினார்கள். 1980இல் பிரான்ஸின் அகாஷ் குழுவினர் சிறு வட்டத்தட்டைத் தோலில் ஒட்டி முறுக்கினார்கள். விறைப்பின் அளவான யங் குணகம் முப்பது வயதுக்கு உட்பட்டோரிடம் 0.42 மெகாபாஸ்கல், அதைக் கடந்தோரிடம் 0.85 என்றார்கள். உறிஞ்சியவர்களுக்கோ பத்துகளில் மெகாபாஸ்கல் வந்திருந்தது. பின்னாளில் நுண்ணிய முனையால் அழுத்திப் பார்த்தவர்களுக்குச் சில கிலோபாஸ்கல்தான். ஒரே முன்கை, ஆயிரம் மடங்கு வேறுபாடு! தோல் பல அடுக்கு. ஒவ்வொரு கருவியும் ஒவ்வோர் ஆழத்தை, ஒவ்வொரு திசையில் தொடுகிறது. ஈரமும் தடிமனும் வேறு குறுக்கிடுகின்றன. ஆகவே ‘தோலின் விறைப்பு இவ்வளவு’ என்று கருவியின் பெயரைச் சொல்லாமல் தரப்படும் எண்ணை நான் நம்புவதில்லை. அழகுப்பொருள் விளம்பரங்களின் நெகிழ்ச்சிச் சதவீதங்களுக்கும் இது பொருந்தும்.

எண்கள் இப்படிச் சிதறினாலும் ஒரு செய்தி தெளிவாக வந்தது. 1989இல் எஸ்காஃபியே குழுவினர் 8 முதல் 98 வயது வரையிலானோரின் தோலை முறுக்கி அளந்தனர். தோல் நீளும் அளவு எழுபது வயதுவரை ஏறத்தாழ மாறவில்லை. விட்டதும் மீளும் திறனோ இளமையிலிருந்தே குறைந்துகொண்டு வந்தது.

இதில் உயிர் காக்கும் விஷயம் ஒன்றுண்டு. வயிற்றுப்போக்குக் கண்ட குழந்தையின் வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டுப் பார்ப்பார்கள். மடிப்பு அடங்க இரண்டு நொடிக்கு மேல் ஆனால் கடும் நீரிழப்பின் அடையாளம். முதியவர்களிடம் இந்தக் கணக்கு பிழைக்கும். உடலில் நீர் போதிய அளவு இருந்தும் புறங்கை மேடு நின்றுகொண்டிருக்கும். ‘வயதானவர்களுக்கு அப்படித்தான்’ என்று விட்டுவிட்டால் உண்மையான நீரிழப்பும் கண்ணுக்குத் தப்பும். அதனால் முதியவர்களுக்கு நெற்றியிலோ மார்பெலும்பின் மேலோ கிள்ளிப் பார்க்கச் சொல்லித்தருகிறார்கள். அதையும் தனிச் சான்றாகக் கொள்ளாமல், சிறுநீரின் அளவையும் இரத்த அழுத்தத்தையும் சேர்த்தே பார்க்கிறார்கள்.