முகவரியில் வரும் ‘அஞ்சல்’, ‘வழி’ எதுக்கு? உங்க ஊர் தபால் ஆபீஸ் எப்படி இயங்குது? முழு விவரம்

கல்யாணப் பத்திரிகையில் கிராமத்து முகவரி இருந்தால் கவனிச்சிருப்பீங்க. ஊர் பேருக்குப் பிறகு ஒரு ‘அஞ்சல்’, அதுக்கு அடுத்து ஒரு ‘வழி’, அப்புறம்தான் வட்டம், மாவட்டம் எல்லாம் வரும். ‘அஞ்சல்’ என்பது அந்த ஊருக்குத் தபால் கொடுக்கும் கிளை அஞ்சலகம். ‘வழி’ என்பது அந்தக் கிளைக்குத் தபால் பையை அனுப்பி வைக்கும் துணை அஞ்சலகம். ஆன்லைன் படிவங்களில் இந்த இரண்டையும் விட்டுவிட்டு பின்கோடு மட்டும் போடுறோம். புது ஏடிஎம் கார்டோ, இன்டர்வியூ கடிதமோ சுற்றிச் சுற்றி வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

மூணு அடுக்கு

மேலே தலைமை அஞ்சலகம், அதன் கீழே துணை அஞ்சலகங்கள், அதற்கும் கீழே கிளை அஞ்சலகங்கள். கிளையின் வரவு செலவு கணக்கு துணை அஞ்சலகத்துக்குப் போகும், அங்கிருந்து தலைமை அஞ்சலகத்துக்குப் போகும். நாடு முழுக்க இருக்கும் சுமார் 1.64 லட்சம் அஞ்சலகங்களில் மிகப் பெரும் பங்கு இந்தக் கடைசி அடுக்கைச் சேர்ந்தவை. அதாவது நம்ம ‘தபால் ஆபீஸ்’களில் பெரும்பாலானவை ஒரே ஒரு அறை, ஒரு மேசை, ஒன்றிரண்டு ஊழியர்கள், அவ்வளவுதான்.

தமிழ்நாடு அஞ்சல் வட்டத்தில் சென்னை, திருச்சி, மதுரை, கோவை என நான்கு மண்டலங்கள். மண்டலங்களுக்குக் கீழே கோட்டங்கள். இந்தக் கோட்டங்களும் வருவாய் மாவட்டங்களும் ஒண்ணு இல்லை. கோவில்பட்டி, பட்டுக்கோட்டை, ஸ்ரீரங்கம், பொள்ளாச்சி எல்லாம் மாவட்டத் தலைநகரம் கிடையாது. ஆனால் அஞ்சல் துறையில் தனிக் கோட்டங்கள்.

பக்கத்து ஊருக்கும் அதே பின்கோடா?

ஆமாம், அதுதான் முறை. பின்கோடு 1972 ஆகஸ்ட் 15 அன்று நடைமுறைக்கு வந்தது. உருவாக்கியவர் ஸ்ரீராம் பிகாஜி வேலங்கர். ஆறு இலக்கங்களில் முதல் மூன்று, கடிதம் எந்தப் பகுதியில் பிரிக்கப்பட வேண்டும் என்று சொல்லும். கடைசி மூன்று, விநியோகிக்கும் அஞ்சலகத்தைக் காட்டும். கிளை அஞ்சலகத்துக்குத் தனி எண் கிடையாது. தன் துணை அஞ்சலகத்தின் எண்ணையே அது பயன்படுத்தும். அதனால் ஒரு பின்கோடுக்குள் நிறைய ஊர்கள் இருக்கும். ‘புதூர்’ என்ற பெயரில் தமிழ்நாட்டில் எத்தனை ஊர் இருக்கு என்று யோசிச்சுப் பாருங்க. ‘அஞ்சல்’ எழுதாவிட்டால், பிரிப்பவருக்கு அந்த வட்டாரம் தெரிஞ்சிருந்தால்தான் கடிதம் சரியான பையில் விழும்.

நகரத்தில் இந்தச் சிக்கல் குறைவு. தி.நகரை இன்னும் ‘சென்னை-17’ என்று சொல்கிறோமே, அது பின்கோடுக்கு முன்பே இருந்த எண். அதுவே 600017 ஆனது.

பின்கோடு மாவட்ட எல்லையையோ மாநில எல்லையையோ அப்படியே பின்பற்றாது. 2019இல் தென்காசி தனி மாவட்டம் ஆனது. எண் இன்னும் 627லேயே தொடங்குது, நெல்லையோடது. புதுச்சேரி யூனியன் பிரதேசம் இன்னும் சுவாரஸ்யம்: புதுச்சேரிக்கு 605, காரைக்காலுக்கு 609, கேரளாவை ஒட்டிய மாஹேக்கு 673, ஆந்திராவுக்குள் இருக்கும் ஏனாமுக்கு 533.

ஆபீஸே போஸ்ட் மாஸ்டரோட பொறுப்பு

கிளை அஞ்சலகத்தை நடத்துபவர் கிளை போஸ்ட் மாஸ்டர், பேச்சு வழக்கில் ‘பி.பி.எம்’. பத்தாம் வகுப்பு மதிப்பெண் அடிப்படையில் தேர்வு. பரீட்சை, நேர்காணல் கிடையாது. தினசரி வேலை 4 அல்லது 5 மணி நேரம். ஆனால் அலுவலகத்துக்கான இடத்தை அவரேதான் ஏற்பாடு செய்யணும், அந்த ஊரிலேயே குடியிருக்கவும் வேண்டும். பல ஊர்களில் ஒரு வீட்டுத் திண்ணையிலோ முன் அறையிலோ தபால் ஆபீஸ் நடப்பது இதனால்தான். போஸ்ட் மாஸ்டர் மாறினால் ஆபீஸும் தெரு மாறிப் போகும்.

2018இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தபடி இவர்களுக்கான மாத ஊதிய வரம்பு 12,000 முதல் 29,380 ரூபாய், அகவிலைப்படி தனி. உதவி போஸ்ட் மாஸ்டருக்கு 10,000 முதல் 24,470. கிராம அஞ்சல் ஊழியர்கள் என்ற பிரிவில் வரும் இவர்கள், முழுநேர மத்திய அரசு ஊழியர்கள் அல்ல. 1977இல் ராஜம்மா வழக்கில், இவர்கள் வகிப்பது அரசுப் பதவிதான், விசாரணை இல்லாமல் நீக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அப்படியிருந்தும் வழக்கமான அரசு ஓய்வூதியம் இவர்களுக்கு இல்லை. வேலைநேரம் கணக்கில்தான் 4 மணி நேரம், வீட்டு வாசலிலேயே ஆபீஸ் இருக்கும்போது கதவைத் தட்டுபவர்கள் நேரம் பார்ப்பதில்லை.

பணம் எடுக்கப் போனால் ‘நாளைக்கு வாங்க’ ஏன்?

கிளையில் கையிருப்பு வைக்க வரம்பு உண்டு. அதுக்கு மேல் தேவைப்பட்டால் துணை அஞ்சலகத்திடம் கேட்டு, அடுத்த பையில்தான் பணம் வரும். ஒரு கணக்கில் ஒரு நாளில் எடுக்கும் உச்சவரம்பு 2021இல் 5,000 ரூபாயிலிருந்து 20,000 ஆக உயர்த்தப்பட்டது. மருத்துவச் செலவு, காலேஜ் ஃபீஸ் என்று பெரிய தொகை தேவைப்படுகிறவர்கள் முன்கூட்டியே சொல்லி வைப்பது நல்லது. அல்லது நேரடியாகத் துணை அஞ்சலகத்துக்குப் போகலாம்.

செல்வமகள் திட்டம், ஆர்.டி. மட்டும்தான் கிளையில் போட முடியும் என்று இன்னமும் பலர் நினைக்கிறாங்க. 2020 ஜூலையிலேயே பி.பி.எஃப்., மாத வருமானத் திட்டம், மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் ஆகியவையும் கிளைகளுக்கு விரிவுபடுத்தப்பட்டன. 2018 செப்டம்பரில் வந்த அஞ்சலக பேமென்ட்ஸ் பேங்க் மூலம், ஆதார் இணைத்த எந்த வங்கிக் கணக்கிலிருந்தும் கைரேகை வைத்துப் பணம் எடுக்கலாம். பஸ் ஏறி டவுனுக்குப் போக முடியாத முதியவர்களுக்கு இதுதான் பெரிய உதவி.

டிராக்கிங்கில் என்ன பார்க்கணும்?

ஸ்பீட் போஸ்ட் எண்ணைத் தட்டினால் ‘டிஸ்பேட்ச்டு டு பி.ஓ.’ என்று வருதா? பொருள் துணை அஞ்சலகத்திலிருந்து உங்க கிளைக்குக் கிளம்பிவிட்டது என்று அர்த்தம். இனி டவுன் ஆபீஸில் போய் விசாரிச்சுப் பயன் இல்லை, ஊர் போஸ்ட் மாஸ்டரைத்தான் பார்க்கணும். 2025 செப்டம்பர் 1 முதல் பதிவுத் தபால் சேவை ஸ்பீட் போஸ்ட்டுடன் இணைக்கப்பட்டதால், முக்கியக் கடிதங்களும் இந்த வழியில்தான் வருது. வீட்டில் ஆள் இல்லாமல் திரும்பிய தபாலைப் பொதுவாக 7 நாள் வைத்திருப்பார்கள், பிறகு அனுப்பியவருக்கே போய்விடும். வெளியூர் போகிறவர்கள் ஊர் போஸ்ட் மாஸ்டரிடம் ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போகலாம். அங்கே பதில் கிடைக்கலைன்னா, இந்திய அஞ்சல் துறையின் கட்டணமில்லா எண் 1800 266 6868.