402 மீட்டரும் இரண்டு கியர் மாற்றமும்

சென்னையின் மேற்கு விளிம்பைச் சுற்றிக்கொண்டு வெளிவட்டச் சாலை போகிறது. வண்டலூரில் ஆரம்பித்து மீஞ்சூர் வரை, 62 கிலோமீட்டர். பூந்தமல்லி பக்கம் நசரத்பேட்டையில் பெங்களூர் நெடுஞ்சாலையைக் கடக்கும். ஆவடிக்கு மேற்கே நெமிலிச்சேரியில் திருவள்ளூர் சாலை. செங்குன்றத்தை ஒட்டிய பாடியநல்லூர் பக்கம் கொல்கத்தா நெடுஞ்சாலை. பெங்களூர் நெடுஞ்சாலையில் மேற்கே திரும்பினால் இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக். கொல்கத்தா நெடுஞ்சாலையில் வடக்கே கொஞ்சம் போனால் சோழவரம். அதாவது சென்னையின் பழைய பந்தயக் களத்தையும் இன்றைய களத்தையும் இந்த ஒரு சாலை இணைக்கிறது. நள்ளிரவில் ரேஸ் விட்டுப் பிடிபட்ட பையன்கள் பற்றிய செய்திகள் வருவதும் இதே சாலையிலிருந்துதான்.

நான் அம்பத்தூர்க்காரன். பகலில் கோடு எழுதுகிற வேலை. எங்கள் பக்கம் டீக்கடையில் நாலு பேர் கூடினால் ஒரு கேள்வி கட்டாயம் வரும்: "ரேஸ்ல கியர் எப்ப மாத்தணும்?" ஒருத்தர் சிவப்புக் கோடு வரைக்கும் இழு என்பார். இன்னொருத்தர் டார்க் உச்சத்தில் மாத்து, அதுக்கு மேல வண்டி வெறும் சத்தம்தான் என்பார். இரண்டு கட்சியும் சத்தியம் பண்ணும். பள்ளிப் பாடக் கணக்கை வைத்தே தீர்க்கக்கூடிய கேள்வி ஏன் இத்தனை வருஷமாகத் தீராமல் இருக்கிறது என்று தேடப் போனால், பதில் எஞ்சினுக்குள் இல்லை, வரலாற்றில் இருக்கிறது.

ஓடுதளங்கள்

இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது உலகம் முழுக்க யாருக்கும் வேண்டாத விமான ஓடுதளங்கள் மிஞ்சிக் கிடந்தன. நேரான, அகலமான, குறுக்கே மாடு வராத தார்ப் பரப்பு. இங்கிலாந்தில் சில்வர்ஸ்டோன் குண்டுவீச்சு விமானத் தளமாக இருந்தது. 1948இல் அங்கே கிராண்ட் பிரீ நடந்தது. கலிஃபோர்னியாவில் சான்டா ஆனா விமானத் தளத்தின் ஓடுபாதையில் 1950இல் சி.ஜே. ஹார்ட் என்பவரும் கூட்டாளிகளும் காசு வாங்கிக்கொண்டு நேர்கோட்டுப் பந்தயம் நடத்த ஆரம்பித்தார்கள். டிராக் ரேஸ் ஒரு முறையான விளையாட்டாக உருவெடுத்தது இப்படித்தான். தூரம் கால் மைல், நம் கணக்கில் 402 மீட்டர்.

அடுத்த வருஷமே, 1951இல், வாலி பார்க்ஸ் தேசிய ஹாட் ராட் சங்கத்தைத் தொடங்கினார். அப்போது அமெரிக்க ஊர்களில் தெரு ரேஸ் பெரிய தலைவலி. போலீஸ் துரத்தும், பையன்கள் செத்துப்போவார்கள், பத்திரிகைகள் திட்டும். 'தெருவிலிருந்து எடுத்துக் களத்துக்குக் கொண்டுவருவோம்' என்பதுதான் சங்கத்தின் வாதம். 1954இல் சங்கத்தைச் சேர்ந்த நான்கு பேர் ஒரு காரும் டிரெய்லருமாகக் கிளம்பி ஊர் ஊராகப் போனார்கள். நேரம் அளக்கும் கருவியைக் காட்டி, ஒழுங்காகப் பந்தயம் நடத்துவது எப்படி என்று உள்ளூர்க்காரர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள்.

நம் ஊரிலும் ஓடுதளம் இருந்தது. சோழவரத்தில் போர்க்கால விமானத் தளம். 1953இல் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் உருவானது. சோழவரத்தின் டி வடிவ ஓடுபாதைகள் பல பத்தாண்டுகளுக்கு இந்தியாவின் முக்கியமான பந்தயக் களமாக இருந்தன. அம்பாசடர், ஃபியட், மெட்ராஸிலேயே தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு எல்லாம் அங்கே ஓடின. ஒரு பக்கம் கோண்டல் அரச குடும்பத்தவரும் விஜய் மல்லையாவும் வெளிநாட்டு ஃபார்முலா கார்களை இறக்குவார்கள். இன்னொரு பக்கம் உள்ளூர் ஒர்க்‌ஷாப்பில் தலைப்பாகத்தைச் சீவி, கார்புரேட்டரை மாற்றி எடுத்துவந்த வீட்டுக் கார் நிற்கும். சோழவரத்தில் நடந்தது வளைவுகள் உள்ள சுற்றுப் பந்தயம்தான், கால் மைல் இல்லை. ஆனால் நீளமான நேர்பாதையில் எந்தக் கியரை எவ்வளவு நேரம் இழுப்பது என்ற கேள்வி ஒன்றே.

அந்தக் கார்களில் ஆர்பிஎம் மீட்டர் கிடையாது. அம்பாசடரிலும் ஃபியட்டிலும் கியர் கம்பி ஸ்டியரிங் தண்டில் இருக்கும். கம்பியை மேலே தூக்கி, தள்ளி, இறக்கி மாற்றுவதற்குள் ஒரு பாட்டின் பல்லவி முடிந்துவிடும். காதுதான் மீட்டர். எஞ்சின் ஓசை ஏறிக்கொண்டே போய், ஓரிடத்தில் இழுவை சோர்வது முதுகில் தெரியும். அப்போது மாற்ற வேண்டும். இந்த முதுகு அறிவைக் கணக்காக எழுதிப் பார்ப்போம்.

கணக்கு

எஞ்சின் தருவது டார்க், அதாவது முறுக்கு விசை. கியர் அதைப் பெருக்கிச் சக்கரத்துக்கு அனுப்புகிறது. கணக்குக்காக ஒரு சாதாரண பெட்ரோல் ஹாட்ச்பேக்கைக் கற்பனை செய்துகொள்வோம். 4000 ஆர்பிஎம்மில் டார்க் உச்சம், 115 நியூட்டன் மீட்டர். 6000இல் அது 97, 6300இல் 88, 6500இல் 78. அங்கே சிவப்புக் கோடு. கியர் விகிதம்: முதல் கியர் 3.5, இரண்டாவது 1.9, மூன்றாவது 1.3.

டார்க் உச்சத்தில், அதாவது 4000இல், முதல் கியரிலிருந்து இரண்டாவதுக்கு மாற்றுகிறோம் என்று வைப்போம். மாற்றுவதற்கு முன் 115 × 3.5 = 402. மாற்றிய பின் எஞ்சின் சுமார் 2170க்கு விழும். அங்கே டார்க் 100 என்றால் 100 × 1.9 = 190. சக்கரத்துக்குப் போகும் தள்ளு பாதிக்கும் கீழே போய்விட்டது. டார்க் உச்சக் கட்சி இந்த இடத்திலேயே தோற்கிறது.

6300 வரை இழுத்தால்? 88 × 3.5 = 308. இரண்டாவதுக்கு மாற்றினால் எஞ்சின் 3420க்கு வரும், டார்க் 112, பெருக்கினால் 213. அப்போதும் முதல் கியர்தான் பலசாலி. ஆகவே முதல் கியரை விடாமல் இழுக்க வேண்டியதுதான்.

இரண்டாவதிலிருந்து மூன்றாவது வேறு கதை. 6300இல் இரண்டாவது கியர் தருவது 167. மாற்றினால் எஞ்சின் 4310க்கு வரும்; டார்க் 114; மூன்றாவது கியர் தருவது 148. இன்னும் இழுக்கலாம். 6500இல் இரண்டாவது தருவது 148. மூன்றாவது தருவதும் ஏறக்குறைய 148. இரண்டும் சமம். மாற்ற வேண்டிய இடம் இதுதான். விதி எளிது: இப்போதைய கியரின் தள்ளும் அடுத்த கியரின் தள்ளும் சமமாகும் இடத்தில் மாற்று. அப்படி ஓரிடமே இல்லையென்றால் சிவப்புக் கோட்டில் மாற்று.

இதிலிருந்து இரண்டு விஷயம் புரிகிறது. ஒன்று, எல்லாக் கியருக்கும் ஒரே எண் கிடையாது. பக்கத்துப் பக்கத்துக் கியர்களின் விகிதம் நெருங்க நெருங்க, மாற்றும் இடமும் கீழே இறங்கும். இரண்டு, சிவப்புக் கோட்டுக் கட்சி சொல்வதும் எல்லா வண்டிக்கும் சரியில்லை. டர்போ டீசல் எஞ்சினில் சக்தி 4000 பக்கம் உச்சம் தொட்டு அதற்கு மேல் சரியும். அதைச் சிவப்புக் கோடு வரை இழுத்தால் சத்தமும் புகையும்தான் மிஞ்சும்.

இன்னொரு கணக்கையும் பாருங்கள். கடைசிக் கியர் விகிதம் 4.1, டயர் ஒரு சுற்றுக்கு 1.8 மீட்டர் என்றால், 6500இல் முதல் கியரில் சுமார் 49 கிலோமீட்டர் வேகம், இரண்டாவதில் 90, மூன்றாவதில் 132. இப்படிப்பட்ட ஸ்டாக் வண்டி கால் மைலை முடிக்கும்போது 120 பக்கம்தான் இருக்கும். ஆகவே மொத்தப் பந்தயத்திலும் கியர் மாற்றம் இரண்டே முறை. நான்காவது கியருக்கு வேலையே இல்லை. 90இல் மாற்றும்போது கை அரை விநாடி தாமதித்தால் வண்டி 12 மீட்டர் தூரம் தள்ளு இல்லாமல் உருளும். மூன்று கார் நீளம். இருநூறு ஆர்பிஎம் முன்னே பின்னே என்பதைவிட இந்த அரை விநாடிதான் பெரும்பாலும் ஜெயிக்கவோ தோற்கவோ வைக்கும்.

காகிதச் சீட்டு

1990இல் இருங்காட்டுக்கோட்டையில் சுமார் 3.7 கிலோமீட்டர் நீளத்துக்குத் தனிப் பந்தயத் தடம் திறந்தது. சோழவரத்தின் காலம் முடிந்தது. கோயம்புத்தூர் எஸ். கரிவர்தன் அதற்குக் கொஞ்சம் முன்னால்தான் மாருதி 800 எஞ்சினை வைத்து ஃபார்முலா மாருதி என்ற ஒற்றை இருக்கை வண்டியை வடிவமைத்திருந்தார். எல்லோருக்கும் ஒரே சின்ன எஞ்சின். பணக்காரன் வண்டி, ஏழை வண்டி என்ற பேதம் குறைந்து, எங்கே மாற்றுகிறான், எங்கே பிரேக் பிடிக்கிறான் என்பதே வித்தியாசம் ஆனது. 2005இல் ஃபார்முலா 1 வரை போன நரேன் கார்த்திகேயன் ஆரம்பத்தில் ஓட்டிய வண்டிகளில் அதுவும் ஒன்று.

பிறகு இதே மேற்குப் பக்கம் கார் தொழிற்சாலைகளால் நிரம்பியது. 1998இல் திருவள்ளூரில் மிட்சுபிஷி லான்சர், இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் சான்ட்ரோ. மறைமலைநகரிலிருந்து 1999இல் ஃபோர்டு ஐகான். வண்டியைக் கட்டுகிறவர்கள், அதன் போல்ட்டையும் கியரையும் கடைந்து கொடுக்கும் அம்பத்தூர் எஸ்டேட் பட்டறைகள், அதை வாங்கும் அவர்கள் பிள்ளைகள், எல்லோரும் முப்பது நாற்பது கிலோமீட்டருக்குள். ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தன் சொந்த ஸ்டாக் காரை எடுத்துப்போய், கொஞ்சம் காசு கட்டி, 402 மீட்டர் ஓட்டி, நேரம் அச்சடித்த சீட்டு வாங்கிவரும் பழக்கம் இங்கே வேர் பிடிக்கவில்லை. இருங்காட்டுக்கோட்டையில் தேசிய டிராக் சாம்பியன்ஷிப் நடந்திருக்கிறது. அது மோட்டார் சைக்கிள்களுக்கு. கார்களும் கால் மைல் ஓட லோனாவாலா அருகே ஆம்பி வேலி ஓடுதளத்தில் போட்டி நடத்தினார்கள். ஆவடிப் பையனுக்கு அது ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல்.

டீக்கடை வாதம் தீராததன் காரணம் இந்தச் சீட்டு இல்லாததுதான். நான் மேலே போட்ட கணக்கு கற்பனை வண்டிக்கானது. உங்கள் வண்டியின் டார்க் கோடு, உங்கள் கிளட்ச், உங்கள் கை, இவற்றுக்கான எண்ணை ஓட்டி அளந்துதான் கண்டுபிடிக்க முடியும். 6000இல் மாற்றி மூன்று ஓட்டம், 6300இல் மூன்று, 6500இல் மூன்று. ஒன்பது சீட்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் சத்தியம் பண்ண வேண்டியதே இல்லை. சாஃப்ட்வேரில் இதை டெஸ்டிங் என்போம். இது இல்லாமல் எதையும் வெளியே விடமாட்டோம்.

தெருவில் இந்தச் சோதனை சாத்தியமில்லை. சட்டம் ஒரு காரணம்: 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 189ஆம் பிரிவுப்படி அனுமதியில்லாமல் பொது இடத்தில் ரேஸ் விட்டால், 2019 திருத்தத்துக்குப் பிறகு முதல் முறைக்கு மூன்று மாதம் வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மறுமுறை என்றால் ஓராண்டு, 10,000. ஆனால் அதைவிடப் பெரிய காரணம், தெருவில் கடிகாரம் இல்லை என்பது. பக்கத்தில் இன்னொரு வண்டிதான் இருக்கிறது. அங்கே யார் சரியாக மாற்றினார் என்பது முடிவாவதில்லை. யார் கடைசியாகப் பயந்தார் என்பதுதான் முடிவாகிறது. எதிரே முட்டை லாரி திரும்பும், ஷிஃப்ட் முடிந்து ஒருத்தர் சைக்கிளில் குறுக்கே வருவார். அவர்கள் யாரும் இந்தப் பந்தயத்துக்குப் பெயர் கொடுத்தவர்கள் இல்லை.

2024 ஆகஸ்ட் கடைசியில் சென்னை தீவுத்திடலைச் சுற்றி அரசே சாலைகளை அடைத்து, தடுப்பு வைத்து, விளக்குப் போட்டு, ஃபார்முலா 4 இரவுப் பந்தயம் நடத்தியது. மனசு வைத்தால் பொதுச் சாலையைக்கூடப் பந்தயத் தடமாக்க முடியும் என்று அன்றைக்குப் பார்த்தோம். பையன்களுக்கு அவ்வளவு வேண்டாம். அரை கிலோமீட்டருக்கும் குறைவான நேர்பாதை, வண்டி நிற்க அதே அளவு தூரம், இருபக்கமும் தடுப்பு, ஒரு ஆம்புலன்ஸ், ஹெல்மெட் சோதிக்க ஒரு ஆள், நேரம் அளக்கும் கருவி. எழுபது வருஷத்துக்கு முன்னால் நான்கு பேர் ஒரு டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு போன சாமான்கள்தான்.

போலீஸ் தடுப்பு வைக்கட்டும், வைக்கத்தான் வேண்டும். ஆனால் தடுப்பில் நிறுத்தப்படும் பையனிடம் "வேறெங்கே போய் ஓட்டுவது?" என்ற கேள்வி இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு இங்கே வா என்று சொல்ல ஒரு முகவரி வேண்டும். மேற்கே இருங்காட்டுக்கோட்டையும் வடக்கே சோழவரமும் கொண்ட ஊருக்கு அது பெரிய ஆசை இல்லை.