கல்வராயன் மலை ஜாகிர்களும் வரலாற்று வகுப்பறையும்

கள்ளக்குறிச்சிக்கு மேற்கே உள்ள கல்வராயன் மலை ஊர்கள் நெடுங்காலம் சடையக் கவுண்டன், குறும்பக் கவுண்டன், ஆரியக் கவுண்டன் என்னும் மூன்று ஜாகிர்களின் கீழ் இருந்தன. நாடு 1947இல் விடுதலை பெற்றது. சென்னை மாகாணத்தில் ஜமீன் ஒழிப்புச் சட்டம் 1948இல் வந்தது. இம்மலை அரசின் நேரடி நிருவாகத்துக்கு வந்ததோ 1976இல்தான்.

ஜமீன் ஒழிப்புப் பாடம் பெரும்பாலும் சட்டத்தின் பெயரையும் ஆண்டையும் மனப்பாடம் செய்வதோடு முடிந்துவிடுகிறது. அதைக் கேட்டுக்கொண்டு அமர்ந்திருப்பவர்களில் ஜாகிர் காலத்தில் வாழ்ந்தவர்களின் பேரப்பிள்ளைகளும் உண்டு. வரலாறு என்றால் டெல்லியில் நடந்தது, தஞ்சாவூரில் நடந்தது என்றே அவர்கள் நினைக்கிறார்கள். கரும்பலகையில் 1947, 1948, 1950, 1952, 1976 என்று மட்டும் எழுதி, "இடைப்பட்ட 29 ஆண்டுகள் மலையில் யார் சொல் செல்லுபடியானது?" என்று கேட்டால் போதும். வகுப்பு விழித்துக்கொள்ளும்.

விடையைத் தேடி மாணவர்கள் பெரியவர்களிடம் போக வேண்டும். 1976இல் இருபது வயதாக இருந்தவர் இன்று எழுபதை ஒட்டியவர். இந்தப் பாடத்தை நெடுநாள் தள்ளிப்போட முடியாது. "எந்த ஆண்டு நடந்தது?" என்று தொடங்கினால் பெரியவர்கள் வாயை மூடிக்கொள்வார்கள். வரியைப் பணமாகக் கொடுத்தீர்களா, தானியமாகவா? சாமையும் தினையும் எங்கே விதைத்தீர்கள்? கூலியில்லாமல் யாருக்காவது உழைக்க வேண்டியிருந்ததா? பட்டா என்ற சொல்லை முதலில் எப்போது கேட்டீர்கள்? இப்படிக் கேட்டால் பேச்சு வரும். இருவர் சொல்வது முரண்பட்டால் இரண்டையும் எழுதட்டும். எது சரி என்று ஆசிரியர் உடனே தீர்ப்புச் சொல்லக் கூடாது. வீட்டிலுள்ள பழைய ரசீதையோ பட்டாவையோ வைத்து மாணவர்களே ஒப்பிடட்டும். ஒரே பெஞ்சில் ஜாகிர்தாருக்கு நெருக்கமாயிருந்த வீட்டுப் பிள்ளையும் அடிமைப்பட்ட வீட்டுப் பிள்ளையும் இருக்கலாம். விருப்பமில்லாத பிள்ளையை எழுப்பி வாசிக்கச் சொல்லக் கூடாது.

மரபுக்கதையையும் சான்றையும் பிரித்தறியவும் இங்கேயே பாடம் இருக்கிறது. இம்மலைப் பழங்குடியினரான மலையாளிகளுக்கும் கேரளத்தின் மொழிக்கும் தொடர்பில்லை. மலையை ஆள்பவர் என்பதே பெயரின் பொருள் என்பர். முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள், பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் என்னும் சகோதரர்கள் வெவ்வேறு மலைகளில் குடியேறினர் என்பது மலையாளிகளின் மரபு. தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தொகுதிகளில் இதைப் பதிவு செய்திருக்கிறார். அச்சில் ஏறியதாலேயே ஒரு கதை சான்றாகிவிடுமா என்று ஒன்பதாம் வகுப்பில் கேட்டுப் பாருங்கள். நல்ல சண்டை நடக்கும்!

வரைபடப் பயிற்சிக்கு மாவட்டமே உதவும். தென்னார்க்காடு, 1993இல் விழுப்புரம், 2019இல் கள்ளக்குறிச்சி என்று மூன்று பெயர்கள் ஒரே வீட்டின் பழைய தாள்களில் கிடைக்கக்கூடும்.

பாடத் திட்டம் முடியாது என்று சில ஆசிரியர்கள் சொல்வார்கள். இரண்டு பாடவேளையும் ஒரு விடுமுறை நாளும் இதற்குப் போதும். பெரியவர்களின் நினைவை வெறும் கதை என்று ஒதுக்கவும் வேண்டாம். 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின் விதிகள், உரிமை கோருபவர் அல்லாத முதியவர்களின் எழுதப்பட்ட வாக்குமூலத்தைச் சான்றுகளில் ஒன்றாக ஏற்கின்றன. மாணவர் குறிப்பேடு அத்தகைய வாக்குமூலம் ஆகாது. ஆயினும் சொன்னவர் பெயர், ஊர், நாள் மூன்றையும் குறித்து, எழுதியதை அவருக்கே வாசித்துக் காட்டி, ஒரு படியை அந்த வீட்டிலேயே கொடுத்துவிட்டு வர வேண்டும்.